பழைய மிச்சம் ஒட்டாமல் பைத்தானை மீண்டும் தொடங்குவது எப்படி? – வாசகர் கேள்வி-பதில்

நிரலாக்கம் குறித்து இம்முறை வந்த கேள்விகளில் பல ஒரே சிக்கலைச் சுற்றியே அமைந்திருந்தன. ஓடிக்கொண்டிருக்கும் இன்டர்பிரெட்டரில், அதாவது நிரலைப் படித்து ஓட்டும் மென்பொருளில், முந்தைய சோதனைகளின் மிச்சம் தங்கிவிடுகிறது. அதை எப்படிக் களைவது என்பதே அந்தச் சிக்கல். எனவே இந்த இதழில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கல்லூரியில் பைத்தான் படிக்கிறேன். கட்டளைத் திரையில் நெடுநேரம் எதையெதையோ எழுதிப் பார்த்த பிறகு, முன்பு வைத்த மாறிகள் குறுக்கே வந்து குழப்புகின்றன. திரையை மூடாமலேயே இன்டர்பிரெட்டரைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவர ஒற்றைக் கட்டளை ஏதும் உண்டா?

பதில்: பைத்தானுடன் வரும் சாதாரணக் கட்டளைத் திரையில் அப்படி ஒரு கட்டளை இல்லை. வெளியேறிவிட்டு மீண்டும் தொடங்குவதுதான் வழி. லினக்ஸிலும் மேக்கிலும் கண்ட்ரோல்-டி அழுத்தினால் வெளியேறலாம். விண்டோஸில் கண்ட்ரோல்-இசட் அழுத்தி என்டர் தட்ட வேண்டும். பைத்தானுடன் வரும் நிரல் எழுதும் கருவியான ஐடிலை நீங்கள் பயன்படுத்துபவரானால் ஷெல் பட்டியலில் ‘ரீஸ்டார்ட் ஷெல்’ என்று ஒரு வரி இருக்கும். கண்ட்ரோல்-எஃப்6 அதற்கான குறுக்குவழி. சாளரம் அப்படியே இருக்க, பின்னால் ஓடிய பைத்தான் பிராசஸை (இயங்குதளத்தில் ஓடும் நிரலை) மட்டும் நிறுத்திவிட்டுப் புதிய ஒன்றை ஐடில் தொடங்குகிறது. எஃப்5 அழுத்தி ஒரு கோப்பை ஓட்டும்போதும் ஐடில் முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் உங்கள் நிரலைத் தொடுகிறது. தொடக்க நிலை மாணவர்களுக்கு ஐடிலை நான் இன்றும் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு பழக்கமே போதுமான காரணம்.

பழைய வீட்டுக் கணினிகளில் இருந்த பேசிக் மொழியில் ‘நியூ’ என்று தட்டினால் நிரலும் மாறிகளும் அழிந்துவிடும். ‘ரன்’ என்றால் மாறிகள் அழிந்து நிரல் முதலிலிருந்து ஓடும். அங்கே அழிக்க வேண்டியது அவ்வளவுதான். பைத்தானில் நிலை என்பது ஒரே இடத்தில் குவிந்திருப்பதில்லை. நீங்கள் திரையில் எழுதும் பெயர்கள் ‘மெயின்’ என்னும் மாட்யூலின் (நிரல் தொகுதியின்) அகராதியில், அதாவது பெயரையும் மதிப்பையும் இணைத்து வைக்கும் அட்டவணையில், சேர்கின்றன. ‘குளோபல்ஸ்’ என்ற செயற்கூற்றை அழைத்தால் அந்த அகராதியைப் பார்க்கலாம். இம்போர்ட் செய்த மாட்யூல்களின் பட்டியல் ‘சிஸ்’ மாட்யூலில் ‘மாட்யூல்ஸ்’ என்ற வேறோர் அகராதியில் இருக்கிறது. அந்த மாட்யூல்களின் அமைப்பில் நீங்கள் செய்த மாற்றங்கள், எடுத்துக்காட்டாக ‘டெசிமல்’ மாட்யூலின் துல்லியத்தை 28 இலக்கங்களிலிருந்து 50 ஆக்கியது, அவற்றின் வசமே இருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் கீழே, இயங்குதளம் அந்தப் பிராசஸுக்கென்று வைத்திருக்கும் நிலை உண்டு: நடப்புக் கோப்புறை, சூழல் மாறிகள், திறந்திருக்கும் கோப்புகள், ஓடிக்கொண்டிருக்கும் த்ரெட்கள், சி மொழி நூலகங்கள் நினைவகத்தில் பிடித்து வைத்திருக்கும் தரவு. குளோபல்ஸ் அகராதியைக் காலி செய்தால் முதல் அடுக்கு மட்டுமே காலியாகும்.

அந்த முதல் அடுக்கும் முழுமையாகக் காலியாவதில்லை என்பதைச் சோதித்தே பார்க்கலாம். பத்து இலட்சம் எண்கள் கொண்ட ஒரு பட்டியலைத் ‘தரவு’ என்ற மாறியில் வைத்து, அதன் பெயரை மட்டும் தட்டி என்டர் கொடுங்கள். பைத்தான் அதைத் திரையில் காட்டுவதோடு, கடைசியாகக் காட்டிய மதிப்பு என்ற முறையில் ஒற்றை அடிக்கோட்டுப் பெயரிலும் அதைக் கட்டிவைக்கிறது. இனி ‘டெல்’ கட்டளையால் ‘தரவு’ என்ற பெயரை நீக்கினாலும் பட்டியல் அழியாது. அடிக்கோடு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த அடிக்கோடு குளோபல்ஸில் இல்லாமல் ‘பில்டின்ஸ்’ மாட்யூலில் இருப்பதால், குளோபல்ஸைத் துடைப்பதால் பயனில்லை. வேறொரு மதிப்பைத் திரையில் காட்டச் செய்தால்தான் பழையது விடுபடும். பிடிபடாத பிழை ஒன்று வந்து சிவப்பு எழுத்தில் விவரம் காட்டப்பட்டிருந்தால் அதுவும் இப்படித்தான்: அந்தப் பிழையின் தடம் ‘சிஸ்’ மாட்யூலில் சேமிக்கப்படுகிறது, பிழை நேர்ந்தபோது ஓடிய செயற்கூறுகளின் உள்மாறிகள் அனைத்தும் அந்தத் தடத்தோடு சேர்ந்து, அடுத்த பிழை வரும்வரை உயிரோடு இருக்கும்.

‘டெல்’ ஒரு பெயரை நீக்குகிறதே தவிர பொருளை அழிப்பதில்லை. எந்தப் பெயரும், எந்தப் பட்டியலும், எந்தத் தடமும் பிடித்திராத நிலையில்தான் பொருள் தானாக அழிகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கேள்விகளில் பாதி எளிதாகிவிடும்.

கேள்வி: திடீரென்று ‘லிஸ்ட்’ செயற்கூறு வேலை செய்யவில்லை, பட்டியலை அழைக்க முடியாது என்று பிழை வருகிறது. பைத்தானையே மீண்டும் நிறுவ வேண்டுமா?

பதில்: வேண்டாம். முன்பு எங்கோ ‘லிஸ்ட்’ என்ற பெயரிலேயே ஒரு மாறியை வைத்துவிட்டீர்கள். பைத்தான் ஒரு பெயரை முதலில் உங்கள் மாட்யூலிலும் அதன் பிறகே பில்டின்ஸிலும் தேடுவதால், உங்கள் மாறி உள்ளிருக்கும் செயற்கூற்றை மறைத்துவிட்டது. ‘டெல்’ எழுதி ஓர் இடைவெளி விட்டு ‘லிஸ்ட்’ என்று எழுதினால் மறைப்பு விலகி, பழைய செயற்கூறு தானே வெளிப்படும். ‘சம்’, ‘மேக்ஸ்’, ‘இன்புட்’, ‘எஸ்டிஆர்’ ஆகிய பெயர்களுக்கும் இதே மருந்துதான்.

கேள்வி: நான் எழுதிய மாட்யூல் கோப்பில் ஒரு பிழையைத் திருத்திவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானில் மீண்டும் இம்போர்ட் செய்தேன். பழைய நிரலே ஓடுகிறது. ரீலோட் செய்து பார்த்தேன். சில இடங்களில் புதியதும் சில இடங்களில் பழையதும் கலந்து ஓடுகின்றன. இது எதனால்?

பதில்: இம்போர்ட் என்பது முதலில் ‘சிஸ்’ மாட்யூலின் அகராதியைப் பார்க்கும். அங்கே உங்கள் மாட்யூலின் பெயர் இருந்தால், கோப்பைத் திறந்துகூடப் பாராமல் ஏற்கெனவே இருக்கும் மாட்யூலைக் கையில் கொடுத்துவிடும். ஒரு நிரலின் பத்து இடங்களில் ஒரே மாட்யூலை இம்போர்ட் செய்தாலும் அது ஒரே முறைதான் ஓட வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு. உங்கள் நோக்கத்துக்குத்தான் அது இடையூறாகிறது.

‘இம்போர்ட்லிப்’ மாட்யூலில் உள்ள ரீலோட், கோப்பை மீண்டும் படித்து அதே மாட்யூலின் அதே அகராதியின் மீது ஓட்டுகிறது. பைத்தான் இரண்டில் ரீலோட் உள்ளமைந்த செயற்கூறாக இருந்தது, 3.4 முதல் இம்போர்ட்லிப்பில் இருக்கிறது. ‘அதே அகராதியின் மீது’ என்பதில்தான் கலப்புக்கான விதை இருக்கிறது. திருத்திய கோப்பில் ஒரு செயற்கூற்றை நீக்கியிருந்தால், அது அகராதியிலிருந்து நீங்காது. பழைய வடிவிலேயே தொடர்ந்து இருக்கும். மாட்யூலிலிருந்து ஒரு பெயரை மட்டும் ‘ஃப்ரம்’ வழியாக எடுத்திருந்தால், உங்கள் கையில் இருப்பது பழைய செயற்கூறு. ரீலோட் அதைத் தேடிவந்து மாற்றாது. உங்கள் மாட்யூல் வேறு துணை மாட்யூல்களை இம்போர்ட் செய்திருந்தால் அவையும் மீண்டும் படிக்கப்படுவதில்லை.

எல்லாவற்றிலும் அதிகமாகக் குழப்புவது கிளாஸ்கள்தாம். உங்கள் மாட்யூலில் ‘கணக்கு’ என்று ஒரு கிளாஸ் இருப்பதாகக் கொள்வோம். அதிலிருந்து ‘அ’ என்ற பொருளை உருவாக்குகிறீர்கள். பிறகு கிளாஸைத் திருத்தி ரீலோட் செய்து, ‘ஆ’ என்ற இன்னொரு பொருளை உருவாக்குகிறீர்கள். இப்போது இரண்டு ‘கணக்கு’ கிளாஸ்கள் நினைவகத்தில் இருக்கின்றன. ‘அ’ பழைய கிளாஸின் செயற்கூறுகளையே ஓட்டும். ‘ஆ’ புதியவற்றை ஓட்டும். ‘அ’ என்பது ‘கணக்கு’ வகைப் பொருள்தானா என்று ‘இஸ்இன்ஸ்டன்ஸ்’ மூலம் கேட்டால் இல்லை என்று பதில் வரும். திரையில் இரண்டின் வகைப்பெயரும் ஒரே எழுத்துகளில் தெரியும். ‘அ’வை ‘பிக்கிள்’ மூலம் கோப்பில் சேமிக்க முயன்றால், இந்தப் பெயரில் இருப்பது இதே கிளாஸ் அன்று என்று பைத்தான் மறுத்துவிடும். நிரல் சரியாக இருந்தும் பல மணி நேரம் இல்லாத பிழையைத் தேட வைக்கும் நிலைமை இது.

அகராதியிலிருந்து மாட்யூலின் பெயரை நீக்கிவிட்டு இம்போர்ட் செய்யலாமே என்று சிலர் சொல்வார்கள். அப்படிச் செய்தால் புத்தம் புதிய மாட்யூல் ஒன்று உருவாகும் என்பது உண்மைதான். ஆனால் பழைய மாட்யூலை ஏற்கெனவே பிடித்திருக்கும் மற்ற மாட்யூல்கள் பழையதையே பிடித்திருக்கும். இரண்டு பிரதிகள் அருகருகே ஓடும். எண் கணக்கீட்டுக்கான நம்பை போன்ற, சி மொழி அடித்தளம் கொண்ட தொகுப்புகளில் இதைச் செய்யவே கூடாது. தன்னை இரண்டாம் முறை இம்போர்ட் செய்திருப்பதாகவும் இதனால் நுட்பமான கோளாறுகள் வரலாம் என்றும் நம்பை தானே எச்சரித்திருக்கிறது.

கூடுதல் வசதிகள் கொண்ட பைத்தான் கட்டளைத் திரையான ஐபைத்தானில் உள்ள ‘ஆட்டோரீலோட்’ இந்தக் குறைகளில் பலவற்றைத் தணிக்கிறது. பழைய செயற்கூறுகளின் உள்ளே புதிய நிரலைப் பொருத்தியும், பழைய கிளாஸ்களை இயன்றவரை புதுப்பித்தும் அது சமாளிக்கிறது. செயற்கூறுகளுக்குள் சிறு திருத்தங்கள் செய்துகொண்டே போகும்போது அது மிகவும் உதவும். நானும் அதற்காகப் பயன்படுத்துகிறேன். கிளாஸின் அமைப்பையோ மாட்யூல்களின் பிணைப்பையோ மாற்றினால், தயங்காமல் இன்டர்பிரெட்டரை மீண்டும் தொடங்குங்கள்.

கேள்வி: தரவு ஆய்வுப் பணியில் இருக்கிறேன். என் கணினியில் பிழையின்றி ஓடும் ஜூபிட்டர் நோட்புக், சக ஊழியரின் கணினியில் ஒரு செயற்கூறு இல்லை என்று பாதியில் நின்றுவிடுகிறது. கோப்பு ஒன்றுதான், தொகுப்புகளின் பதிப்புகளும் ஒன்றுதான். ‘ரீசெட்’ கட்டளையைக் கொடுத்தால் போதுமா, கெர்னலையே மீண்டும் தொடங்க வேண்டுமா?

பதில்: உங்கள் நோட்புக்கில் செல்களின் (நிரல் எழுதும் கட்டங்களின்) இடப்பக்கம் இருக்கும் எண்களை மேலிருந்து கீழாகப் படித்துப் பாருங்கள். 1, 2, 3 என்று வரிசையாக இல்லாமல் 4, 19, 7, 22 என்று தாவிக்கொண்டிருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். நோட்புக் என்று திரையில் தெரிவது ஒரு கோப்பு. அதன் நிரலை ஓட்டுவது கெர்னல் என்ற தனிப் பிராசஸ். கோப்பில் ஒரு செல்லை நீக்கினால் கெர்னலுக்கு அது தெரியாது. அந்தச் செல்லை ஓட்டியபோது உருவான செயற்கூறு கெர்னலின் நினைவகத்தில் அப்படியே இருக்கும். கீழே உள்ள செல்கள் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும். சக ஊழியரின் கெர்னல் அந்தச் செல்லைக் கண்டதே இல்லை.

பெயர் இல்லை என்று நிரல் நின்றுபோனது உண்மையில் உங்களுக்கு நேர்ந்த நல்லது. இதே காரணத்தால் நிரல் நிற்காமல் தவறான விடையைத் தரும் நிலைதான் கவலைக்குரியது. விலைப் பத்தியை நூறால் வகுக்கும் செல்லை நீங்கள் இரண்டு முறை ஓட்டியிருந்தால், எந்தப் பிழையும் வராது. எண்கள் மட்டும் நூறு மடங்கு குறைந்திருக்கும்.

ஐபைத்தானின் விழுக்காட்டுக் குறியுடன் தொடங்கும் ‘ரீசெட்’ கட்டளை, நீங்கள் வைத்த பெயர்களையும் முந்தைய விடைகளின் சேமிப்பையும் நீக்குகிறது. அந்தச் சேமிப்பு பெரிதாக வளரக்கூடியது. ஒவ்வொரு செல்லின் கடைசி வரியில் பெரிய அட்டவணையைக் காட்டச் செய்யும் பழக்கம் இருந்தால், அத்தனை அட்டவணைகளும் ‘அவுட்’ என்ற அகராதியில் பிடிபட்டிருக்கும். ஆனால் இம்போர்ட் செய்த மாட்யூல்கள், அவற்றில் செய்த அமைப்பு மாற்றங்கள், மாற்றிய கோப்புறை ஆகியவற்றை ரீசெட் தொடுவதில்லை. மாட்யூல்களையும் நீக்க முயலும் ‘அக்ரெசிவ்’ என்ற தெரிவு ஒன்று அதில் உண்டு. எதிர்பாராத விளைவுகள் நேரலாம் என்று அதன் விளக்கக் குறிப்பே சொல்கிறது.

ஆகவே பிறரிடம் கொடுக்கும் முன்பு கெர்னல் பட்டியலில் இருக்கும் ‘ரீஸ்டார்ட் அண்ட் ரன் ஆல்’ வகைக் கட்டளையைக் கட்டாயம் கொடுங்கள். அதில் கடைசிச் செல்வரை ஓடிய நோட்புக்கை மட்டுமே முடிந்த வேலையாகக் கருத வேண்டும். கட்டளை வரியில் வேலை செய்பவர்கள் ‘என்பிகன்வர்ட்’ கருவியின் ‘எக்ஸிகியூட்’ தெரிவைப் பயன்படுத்தலாம். அதுவும் புதிய கெர்னலில்தான் நோட்புக்கை ஓட்டும்.

தரவை ஏற்றவே அரை மணி நேரம் ஆகிறது, அதனால்தான் கெர்னலை நிறுத்தத் தயங்குகிறேன் என்று நீங்கள் சொல்லக்கூடும். தயக்கம் நியாயமானது, அதற்கான தீர்வு கெர்னலை நாள் கணக்கில் உயிரோடு வைத்திருப்பது அன்று. ஏற்றிச் சுத்தம் செய்த தரவை ‘பார்க்கே’ போன்ற வடிவில் ஒரு கோப்பாகச் சேமித்துவிட்டு, ஆய்வு நோட்புக் அந்தக் கோப்பிலிருந்து தொடங்கும்படி அமையுங்கள். பல நிமிடங்கள் ஆகும் கணக்கீடு எதுவாயினும் அதன் விடையை வட்டில் வைத்துவிடுங்கள். மறுதொடக்கத்துக்கு ஆகும் செலவு சில நொடிகளாகக் குறைந்தால், மனிதர்கள் அதைத் தயங்காமல் செய்வார்கள். இந்தத் துறையில் வேலை செய்யும் எவருக்கும் நான் முதலில் வற்புறுத்துவது இதைத்தான்.

கேள்வி: அதே நோட்புக்கில் பதிவுச் செய்திகள் முதலில் ஒரு வரியாகவும், பிறகு இரண்டாகவும், மூன்றாகவும் வருகின்றன. என் நிரலில் சுழல் எதுவும் இல்லை.

பதில்: ‘லாகிங்’ மாட்யூலில் ஒரு பெயரைச் சொல்லி லாகரை (செய்திகளைப் பதியும் பொருளை) கேட்டால், அந்தப் பெயருக்கு எப்போதும் அதே பொருளே கிடைக்கும். உங்கள் செல் ஒவ்வொரு முறை ஓடும்போதும் அதே லாகருடன், செய்தியை வெளியே எழுதும் இன்னொரு ஹேண்ட்லரைச் சேர்க்கிறது. மூன்று முறை ஓட்டினால் ஒரு செய்தியை மூன்று ஹேண்ட்லர்கள் எழுதும். லாகர் உங்கள் மாறியில் இல்லாமல் லாகிங் மாட்யூலின் உள்ளே வாழ்வதால், உங்கள் மாறிகளை அழிப்பதோ உங்கள் மாட்யூலை ரீலோட் செய்வதோ பயன் தராது. ஹேண்ட்லர் ஏதும் இல்லாதபோது மட்டும் சேர்க்கும்படி ஒரு நிபந்தனை வையுங்கள். ‘பேசிக்கன்ஃபிக்’ பயன்படுத்துபவர்களுக்கு இதன் மறுபக்கம் தெரிந்திருக்கும்: மூல லாகரில் ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தால் அது எதுவும் செய்யாமல் திரும்பிவிடும். பைத்தான் 3.8 முதல் ‘ஃபோர்ஸ்’ என்ற தெரிவைக் கொடுத்தால், பழையவற்றை நீக்கிவிட்டுப் புதிதாக அமைக்கும்.

கேள்வி: தனியாக ஓட்டினால் தேறும் ஒரு சோதனை, மற்ற சோதனைகளோடு சேர்த்து ஓட்டினால் தோற்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் முன்பு இன்டர்பிரெட்டரைச் சுத்தமாக்க முடியுமா?

பதில்: ஒவ்வொன்றையும் தனிப் பிராசஸில் ஓட்டினால் முடியும், நூற்றுக்கணக்கான சோதனைகள் இருக்கும்போது அது நேரத்தைத் தின்னும். அதைவிட, எந்த நிலை கசிகிறது என்று கண்டுபிடிப்பது பயனுள்ளது. அது பெரும்பாலும் உங்கள் நிரலில் இருக்கும் உண்மையான குறையையே சுட்டும். மாட்யூல் மட்டத்தில் வைத்து மாற்றிக்கொண்டே போகும் பட்டியல்கள், இயல்பு மதிப்பாகக் காலிப் பட்டியலைக் கொண்ட செயற்கூறுகள், முந்தைய விடைகளை நினைவில் வைக்கும் ‘எல்ஆர்யூ கேஷ்’ பூட்டிய செயற்கூறுகள் ஆகிய மூன்றையும் முதலில் தேடுங்கள். கடைசி வகைக்குக் ‘கேஷ் கிளியர்’ என்று ஒரு வழி அதிலேயே உண்டு. சூழல் மாறி, நடப்புக் கோப்புறை, ஒரு மாட்யூலின் பண்பு ஆகியவற்றைச் சோதனைக்காக மாற்ற வேண்டியிருந்தால் சோதனைகளை ஓட்டும் கருவியான பைடெஸ்டின் ‘மங்கிபேட்ச்’ வழியாக மாற்றுங்கள். சோதனை தோற்றாலும் அது பழைய மதிப்பைத் திருப்பி வைத்துவிடும்.

கேள்வி: நான் ஆர் மொழிக்காரன். என் ஒவ்வொரு நிரலின் முதல் வரியும் எல்லாப் பொருள்களையும் நீக்கும் ‘ஆர்எம்’ வரிதான். இது சரியான பழக்கமா?

பதில்: நோக்கம் சரி, அந்த வரி அதை நிறைவேற்றுவதில்லை. நீங்கள் நீக்குவது ‘எல்எஸ்’ காட்டும் பெயர்களை. புள்ளியில் தொடங்கும் பெயர்களை அது இயல்பாகக் காட்டாது. ஏற்றிய தொகுப்புகள் ஏற்றியபடியே இருக்கும், ‘ஆப்ஷன்ஸ்’ மூலம் மாற்றியவை மாறியபடியே இருக்கும், நடப்புக் கோப்புறையும் அப்படியே. மேலும், உங்கள் நிரலை வேறொருவர் தம் அமர்வில் ஓட்டினால் அவருடைய பொருள்கள் அனைத்தும் கேளாமலே அழிந்துபோகும். அந்த வரியை எடுத்துவிட்டு, ஆர்ஸ்டூடியோவில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-எஃப்10 அழுத்தி அமர்வையே மீண்டும் தொடங்குங்கள். வெளியேறும்போது பணிவெளியைச் சேமிப்பதையும் திறக்கும்போது அதை மீட்பதையும் அமைப்புகளில் நிறுத்திவிடுங்கள். இல்லையேல் ‘ஆர்டேட்டா’ கோப்பு வழியாகப் பழைய பொருள்கள் புதிய அமர்வுக்குள்ளும் வந்துவிடும். கட்டளை வரியில் ‘வெனில்லா’ தெரிவு இவை அனைத்தையும் ஒருசேரத் தவிர்க்கும்.

கேள்வி: சி++ மொழியில் எழுதிய எங்கள் மென்பொருளுக்குள் பைத்தானைப் பதித்திருக்கிறோம். பயனர் எழுதும் சிறு நிரல்கள் ஒவ்வொன்றும் தூய நிலையில் ஓட வேண்டும். ‘ஃபைனலைஸ்’ செய்து மீண்டும் ‘இனிஷியலைஸ்’ செய்தால் சில முறைக்குப் பிறகு மென்பொருளே நின்றுவிடுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஃபைனலைஸ் செய்வதும் மீண்டும் தொடங்குவதும் அனுமதிக்கப்பட்டவைதான், ஆனால் அதன் வரம்புகளைப் பைத்தானின் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. இயக்கத்தின்போது ஏற்றிய சி நீட்சி மாட்யூல்கள் நினைவகத்திலிருந்து இறக்கப்படுவதில்லை. ஒதுக்கிய நினைவகத்தில் சிறு பகுதிகள் விடுபடாமல் போகலாம். தொடக்க வேலையை இரண்டாம் முறை செய்தால் ஒழுங்காக ஓடாத நீட்சிகளும் உண்டு. உங்கள் பயனர்கள் தூய பைத்தானை மட்டும் எழுதினால் பல முறை தாங்கும். நம்பை போன்ற ஒன்று உள்ளே வந்தவுடன் நீங்கள் சொல்லும் வீழ்ச்சி நேரும்.

இந்த வகையில் லுவா மொழியைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். லுவாவில் இன்டர்பிரெட்டரின் நிலை முழுவதும் ஒரே கட்டமைப்பில் அடங்கியிருக்கிறது; ஒரு நிலையைத் திறப்பதும், வேலை முடிந்ததும் மூடுவதும், ஒரே பிராசஸில் பல நிலைகளை வைத்திருப்பதும் அதன் அடிப்படை வடிவமைப்பு. டிசிஎல் மொழியிலும் ‘இன்டெர்ப்’ கட்டளையால் உள் இன்டர்பிரெட்டர்களை உருவாக்கி நீக்கலாம். பைத்தானின் நிலை நெடுங்காலம் சி நிரலின் பொது மாறிகளில் சிதறிக் கிடந்தது.

அதைத் திரட்டும் வேலை ஆண்டுக்கணக்கில் நடந்துவருகிறது. உள் இன்டர்பிரெட்டர்கள் சி இடைமுகத்தில் பழைய காலம் முதலே உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஜிஐஎல் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டுமே பைத்தான் நிரலை ஓட்டும்படி செய்யும் பூட்டு) கிடைத்தது 3.12 பதிப்பில். 3.14 பதிப்பில் ‘கன்கரண்ட்’ தொகுப்பின் ‘இன்டர்பிரெட்டர்ஸ்’ மாட்யூல் வழியாகப் பைத்தான் நிரலிலிருந்தே அவற்றை உருவாக்க முடிகிறது. ஒவ்வொன்றுக்கும் தனி மாட்யூல் அகராதி, தனி பில்டின்ஸ். ஆனால் நடப்புக் கோப்புறை, திறந்த கோப்புகள் போன்ற பிராசஸ் மட்ட நிலை எல்லாவற்றுக்கும் பொதுவானது. எல்லா நீட்சி மாட்யூல்களும் அவற்றில் ஓடுவதும் இல்லை. அது ஒரு பாதுகாப்பு வேலியும் அன்று: ஓர் உள் இன்டர்பிரெட்டரில் ஓடும் நிரல், மென்பொருள் முழுவதையும் வீழ்த்த முடியும்.

ஆகவே உங்கள் நிலையில் நான் தேர்ந்தெடுப்பது தனிப் பிராசஸ்தான். ஒவ்வொரு பயனர் நிரலுக்கும் ஒரு புதிய பைத்தான் பிராசஸைத் தொடங்கி, உள்ளீட்டைக் குழாய் வழியாகக் கொடுத்து, விடையை வாங்கிக்கொண்டு, பிராசஸை முடியவிடுங்கள். வெறும் பைத்தான் தொடங்குவதற்கு ஆகும் நேரம் சாதாரணக் கணினியில் ஒரு நொடியின் சிறு பங்கே. முடிவில்லாச் சுழலில் சிக்கிய நிரலை வெளியிலிருந்து நிறுத்தவும் அப்போதுதான் முடியும். பயனர் நிரல் அறிமுகமில்லாதவர் எழுதியதாக இருந்தால், இயங்குதள மட்டத்திலான கட்டுப்பாடுகளும் இதனுடன் சேர வேண்டும்.

பைத்தானிலேயே இதைச் செய்பவர்கள் ‘மல்டிபிராசஸிங்’ மாட்யூலின் பூலில் ‘மேக்ஸ்டாஸ்க்ஸ்பெர்சைல்ட்’ தெரிவை 1 என்று வைத்தால், ஒரு வேலைக்குப் பின் அந்தப் பிராசஸ் ஓய்வுபெற்றுப் புதியது வரும். அங்கே தொடங்கும் முறையையும் கவனியுங்கள். ‘ஃபோர்க்’ முறையில் பிறக்கும் பிராசஸ் தாய்ப் பிராசஸின் மாறிகள், மாட்யூல்கள் அனைத்தையும் நகலாகப் பெறுகிறது. அதைத் தூய நிலை என்று சொல்ல முடியாது. ‘ஸ்பான்’ முறைதான் புதிய இன்டர்பிரெட்டரைத் தொடங்குகிறது. விண்டோஸில் ஸ்பான் மட்டுமே உண்டு, மேக்கில் 3.8 முதல் அதுவே இயல்பு, லினக்ஸில் 3.14 முதல் ‘ஃபோர்க்சர்வர்’ இயல்பாகியிருக்கிறது.

கேள்வி: நிரல் தன்னைத் தானே மீண்டும் தொடங்கிக்கொள்ள ‘ஓஎஸ்’ மாட்யூலின் ‘எக்ஸெக்வி’ போதுமா?

பதில்: லினக்ஸிலும் மேக்கிலும் போதும், இரண்டு கவனங்களோடு. அது பிராசஸின் உள்ளடக்கத்தை மாற்றுகிறதே தவிர, நடப்புக் கோப்புறையையும் நீங்கள் திருத்திய சூழல் மாறிகளையும் அப்படியே புதிய நிரலிடம் கொடுத்துவிடுகிறது. அத்துடன், கோப்புகளில் எழுதப்படாமல் இடையகத்தில் நிற்கும் தரவு தொலைந்துபோகும். வெளியேறும்போது ஓட வேண்டிய ‘அட்எக்ஸிட்’ செயற்கூறுகளும் ஓடா. கோப்புகளை முறையாக மூடிவிட்டுப் பிறகு அழையுங்கள். விண்டோஸில் பழைய பிராசஸ் முடிந்து புதிது ஒன்று தனியே பிறப்பதால், முதலாவதற்காகக் காத்திருந்த மேல்நிரல் வேலை முடிந்ததாக எண்ணிவிடும்.

கேள்வி: கணினியையே அணைத்துத் தொடங்கினேன். அப்போதும் என் நிரல் ஒவ்வொரு முறையும் ஒரு கணத்தின் உறுப்புகளை வெவ்வேறு வரிசையில் அச்சிடுகிறது. பழைய நிலை ‘பைகேஷ்’ கோப்புறையில் ஒளிந்திருக்கிறதா?

பதில்: இல்லை. பைகேஷ் கோப்புறையில் இருப்பவை உங்கள் நிரலின் மொழிபெயர்த்த வடிவங்கள் மட்டுமே. மாறிகளின் மதிப்புகள் அங்கே சேமிக்கப்படுவதில்லை. மூலக் கோப்பின் திருத்த நேரமும் அளவும் பொருந்தாவிட்டால் பைத்தான் அவற்றைப் புறக்கணித்துப் புதிதாக உருவாக்கிக்கொள்ளும். பைத்தான் இரண்டில், மூலக் கோப்பை நீக்கிய பிறகும் பக்கத்திலேயே இருந்த மொழிபெயர்த்த கோப்பு இம்போர்ட் ஆகித் தொல்லை கொடுத்தது. அந்தக் கோப்புறையை அழிக்கும் பழக்கம் அக்காலத்தின் மிச்சம். 3.2 பதிப்பில் இந்தக் கோப்புறை வந்த பின் அந்தத் தொல்லை இல்லை.

நீங்கள் காண்பது வேறு. சரங்களின் ஹாஷ் மதிப்பு, அதாவது ஒரு சரத்தை விரைவில் தேடுவதற்காக அதிலிருந்து கணக்கிடும் எண், பைத்தான் 3.3 முதல், ஒவ்வொரு பிராசஸிலும் தற்செயலான ஒரு விதையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது; வேண்டுமென்றே ஒரே ஹாஷில் மோதும் உள்ளீடுகளை அனுப்பிச் சேவையகங்களை முடக்கும் தாக்குதலைத் தடுப்பதற்காகச் செய்த மாற்றம் இது. அதனால்தான் சரங்கள் அடங்கிய கணத்தின் வரிசை ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறது. வரிசை முக்கியமென்றால் அச்சிடும் முன் ‘சார்ட்டட்’ கொண்டு வரிசைப்படுத்துங்கள். பிழை தேடுவதற்காக ஓட்டங்கள் ஒத்திருக்க வேண்டுமென்றால், ‘பைத்தான்ஹாஷ்சீட்’ சூழல் மாறியை ஓர் எண்ணாக வைத்துவிட்டுப் பைத்தானைத் தொடங்குங்கள். ஓடத் தொடங்கிய பின் அதை வைத்தால் அந்தப் பிராசஸுக்குப் பயன் இல்லை.

சூழல் மாறிகளோ, உங்கள் பயனர் கணக்கில் தனியே நிறுவிய தொகுப்புகளோ குறுக்கிடுகின்றனவா என்று ஐயமிருந்தால், பெரிய ‘ஐ’ தெரிவுடன் பைத்தானைத் தொடங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். அது பைத்தானுக்குரிய சூழல் மாறிகளைப் புறக்கணித்து, பயனர் தொகுப்புகளையும் நிரல் இருக்கும் கோப்புறையையும் தேடல் பாதையிலிருந்து விலக்கிவிடும். ஹாஷ்சீட் மாறியும் அப்போது மதிக்கப்படாது என்பதால் இந்த இரண்டு சோதனைகளையும் தனித்தனியே செய்ய வேண்டும்.